இரண்டு எண்களுக்கு நடுவே 152 கிலோமீட்டர்

ஊத்துக்கோட்டைக்கு அருகே தாமரைக்குப்பம் என்ற இடத்தில் கிருஷ்ணா நதி நீரைச் சுமந்து, ஆந்திர எல்லையைக் கடந்து ஒரு கால்வாய் தமிழ்நாட்டுக்குள் நுழைகிறது. அந்த இடத்தை அதிகாரிகளும் செய்தியாளர்களும் ஊர்க்காரர்களும் 'ஜீரோ பாயின்ட்' என்றே சொல்கிறார்கள். நெல்லூர்ப் பக்கத்துக் கண்டலேறு அணையில் சென்னைக்காக மதகு திறக்கப்பட்டால், சில நாள் கழித்து இங்கே முதல் நீர் தலைகாட்டும். அதிகாரிகள் மலர் தூவி வரவேற்பார்கள். மறுநாள் செய்தித்தாளில் படம் வரும். படத்துக்குக் கீழே உள்ள செய்தியைக் கவனித்துப் படித்தால் அதில் இரண்டு எண்கள் இருக்கும். கண்டலேறில் நொடிக்கு இத்தனை கன அடி திறக்கப்பட்டது என்பது ஒன்று, ஜீரோ பாயின்டுக்கு இத்தனை கன அடி வந்தது என்பது மற்றொன்று. இரண்டாவது எண் முதல் எண்ணைவிடச் சிறியதாகவே இருக்கும்; திறந்த முதல் நாட்களில் மிகச் சிறியதாக இருக்கும்.

வறட்சிப் பகுதிகளுக்குத் தொலைவிலிருந்து குடிநீர் கொண்டுவரும் திட்டங்களைப் பற்றி நாம் பேசும்போது பெரும்பாலும் முதல் எண்ணைத்தான் பேசுகிறோம். ஒப்பந்தத்தில் எழுதப்பட்டதும், அடிக்கல்லில் பொறிக்கப்பட்டதும், சட்டமன்றத்தில் அறிவிக்கப்பட்டதும் அந்த எண்தான். குடத்தில் விழுவது இரண்டாவது எண். இவ்விரண்டுக்கும் நடுவே என்ன நடக்கிறது என்பதைப் புரிந்துகொண்டால், கால்வாய் நல்லதா குழாய் நல்லதா என்ற பழைய விவாதமும் ஓரளவு தெளிவாகும்.

முதலில் அளவுகளைப் பார்த்துவிடலாம். ஒரு டி.எம்.சி. என்பது நூறு கோடி கன அடி. லிட்டர் கணக்கில் ஏறத்தாழ 2,830 கோடி. நொடிக்கு ஓராயிரம் கன அடி வீதம் நீர் பதினொன்றரை நாள் ஓடினால் ஒரு டி.எம்.சி. ஆகும். கிருஷ்ணா நீர் ஒப்பந்தப்படி தமிழ்நாட்டு எல்லையில் ஆண்டுதோறும் கிடைக்க வேண்டியது 12 டி.எம்.சி. பூண்டி, சோழவரம், புழல், செம்பரம்பாக்கம் ஆகிய நான்கு ஏரிகளும் விளிம்பு வரை நிரம்பினால் மொத்தக் கொள்ளளவு 11 டி.எம்.சி.க்குச் சற்று மேல். நான்கு ஏரிகளையும் ஆண்டுக்கு ஒரு முறை முழுதாக நிரப்பிவிடக்கூடிய நீர் காகிதத்தில் சென்னைக்கு உறுதியளிக்கப்பட்டிருக்கிறது என்று பொருள். நாள் கணக்கில் அதைப் பிரித்தால் 93 கோடி லிட்டர் வருகிறது. பெருநகரம் ஒன்றின் அன்றாடத் தேவையின் பெரும்பகுதி அதிலேயே தீர்ந்துவிடும். ஆயினும் 2019-ஆம் ஆண்டு ஜூன் மாதத்தில் அந்த நான்கு ஏரிகளும் கிட்டத்தட்ட வறண்டு வெடித்துக் கிடந்தன. ஜூலையில் ஜோலார்பேட்டையிலிருந்து ஐம்பது வேகன்கள் கொண்ட ரயிலில், ஒரு நடைக்கு 25 லட்சம் லிட்டர் வீதம், சென்னைக்குத் தண்ணீர் வந்தது.

அந்த 12 டி.எம்.சி.யின் வரலாறு 1976-இல் தொடங்குகிறது. கிருஷ்ணா நதியைப் பங்கிட்டுக்கொள்ளும் மகாராஷ்டிரம், கர்நாடகம், ஆந்திரம் ஆகிய மூன்று மாநிலங்களும் தத்தம் பங்கிலிருந்து ஆளுக்கு 5 டி.எம்.சி. வீதம் சென்னைக் குடிநீருக்கு விட்டுத்தர அப்போது ஒப்புக்கொண்டன. மொத்தம் 15. பின்னர் 1983-இல், எம்.ஜி.ஆரும் என்.டி.ராமராவும் முதல்வர்களாக இருந்தபோது, தமிழ்நாடும் ஆந்திரமும் செய்துகொண்ட ஒப்பந்தத்தில், வழியில் ஏற்படும் இழப்பு 3 டி.எம்.சி. எனக் கழித்து, எல்லையில் தர வேண்டியது 12 டி.எம்.சி. என்று வைத்தார்கள், ஜூலை முதல் அக்டோபர் வரை 8, ஜனவரி முதல் ஏப்ரல் வரை 4. ஐந்தில் ஒரு பங்கு வழியிலேயே போய்விடும் என்பதை ஒப்பந்தம் எழுதியவர்களே ஏற்றுக்கொண்டார்கள் என்பது கவனிக்கத்தக்கது. அதை நான் குறையாகச் சொல்லவில்லை. திறந்த கால்வாயைத் தெரிந்தவர்கள் எழுதிய நேர்மையான கணக்கு அது. ஒப்பந்தமான பதின்மூன்றாம் ஆண்டில், 1996-இல், முதல் கிருஷ்ணா நீர் பூண்டிக்கு வந்தது.

நீர் வரும் வழியைச் சற்று விரிவாகப் பார்க்க வேண்டும், ஏனெனில் பிரச்சினைகள் எல்லாம் வழியில்தான் இருக்கின்றன. கிருஷ்ணா நதியில் ஸ்ரீசைலம் அணையின் நீர்ப்பரப்பு ஓரத்தில் போத்திரெட்டிப்பாடு என்ற இடத்தில் தலைமதகு இருக்கிறது. அங்கிருந்து கால்வாயில் இறங்கும் நீர் பானகச்சர்லா, வெலுகோடு வழியாக ராயலசீமையைக் குறுக்கே கடந்து, பென்னாற்றில் சேர்ந்து, சோமசிலா அணையை அடைகிறது. சோமசிலாவிலிருந்து கண்டலேறு, கண்டலேறிலிருந்து 152 கிலோமீட்டர் கால்வாய் வழியாக ஜீரோ பாயின்ட், அதன் பிறகு தமிழ்நாட்டுக்குள் 25 கிலோமீட்டர் ஓடிப் பூண்டி. ஸ்ரீசைலத்திலிருந்து பூண்டி வரை நானூறு கிலோமீட்டருக்கு மேற்பட்ட இந்தப் பயணத்தில் நீரை இழுத்துவருவது புவியீர்ப்பு ஒன்றுதான். உயரத்திலிருந்து தாழ்வுக்கு, மெல்லிய சரிவில், நீர் தானாக நடந்து வருகிறது. ஓடும் செலவு என்று எதுவும் இல்லாதது கால்வாயின் பெரிய நன்மை.

அந்த நன்மைக்கு ஒரு நிபந்தனை உண்டு: தொடக்கத்தில் நீர்மட்டம் உயரமாக இருக்க வேண்டும். ஸ்ரீசைலம் அணையின் முழு நீர்மட்டம் கடல் மட்டத்திலிருந்து 885 அடி. போத்திரெட்டிப்பாடு மதகின் அடிமட்டம் 841 அடி. அணையில் நீர் அந்த மட்டத்துக்குக் கீழே போனால் ஒரு சொட்டும் கால்வாயில் ஏறாது. அதற்குச் சில அடிகள் மேலே இருந்தாலும் மதகு வழியாகப் போகும் நீர் மெலிந்த ஓடையாகத்தான் இருக்கும். கிருஷ்ணா படுகையில் பருவமழை பிந்திய ஆண்டுகளில், மகாராஷ்டிரத்திலும் கர்நாடகத்திலும் உள்ள மேலணைகள் நிரம்பிய பிறகே ஸ்ரீசைலத்துக்கு நீர் வருகிறது. அப்படி வரும் நீருக்காகக் காத்திருப்போர் பட்டியல் நீளமானது. அணையின் இரு கரைகளிலும் மின் நிலையங்கள் இருக்கின்றன. கீழே நாகார்ஜுனசாகர் காத்திருக்கிறது. 2005-இல் போத்திரெட்டிப்பாடு மதகின் திறனை 11,150 கன அடியிலிருந்து 44,000 கன அடியாக உயர்த்த அன்றைய ஆந்திர அரசு முடிவெடுத்தபோது எழுந்த எதிர்ப்பு, 2014-இல் தெலங்கானா தனி மாநிலமான பிறகு இரு மாநிலங்களுக்கிடையேயான நிரந்தர வழக்காகவே மாறிவிட்டது. ஒப்பந்தத்தில் கையெழுத்திட்ட ஆந்திரம் இரண்டாகப் பிரிந்தது. சென்னையின் 12 டி.எம்.சி. அந்தச் சண்டைக்கு வெளியே இருக்க முடியாது.

தெலுங்கு கங்கை என்று பெயர் பெற்ற இந்தத் திட்டத்தைச் சென்னைக்கான குடிநீர்த் திட்டம் என்று மட்டுமே இங்கே அறிந்திருக்கிறோம். ஆந்திரத்தில் அதை அப்படிப் பார்ப்பவர்கள் குறைவு. சென்னைக்கு எடுக்கும் 15 டி.எம்.சி.யோடு சேர்த்து, கிருஷ்ணாவின் வெள்ளநீரில் 29 டி.எம்.சி.யும் பென்னாற்றின் வெள்ளநீரில் 30 டி.எம்.சி.யும் பயன்படுத்தி, கர்நூல், கடப்பா, நெல்லூர், சித்தூர் மாவட்டங்களில் 5.75 லட்சம் ஏக்கருக்குப் பாசனம் தருவதும் அதன் நோக்கம். வெட்டும்போதே அது பாசனக் கால்வாயும்தான். குடிநீர் அதில் உடன் பயணி. ராயலசீமை இந்தியாவின் மிக வறண்ட நிலப்பகுதிகளுள் ஒன்று. தன் வயல் காய்ந்து கிடக்க, கரையோரமாக நெஞ்சுயரத் தண்ணீர் இன்னொரு மாநிலத்துத் தலைநகருக்குப் போவதைப் பார்த்துக்கொண்டிருக்கும் விவசாயி ஆயில் எஞ்சினைக் கொண்டுவந்து கால்வாயில் குழாயை இறக்கினால், அதை நம் செய்தித்தாள்கள் தண்ணீர்த் திருட்டு என்று எழுதுகின்றன. சட்டப்படி அது சரியான சொல்தான். ஆனால் வறண்ட ஊர்களின் நடுவே திறந்த கால்வாய் வெட்டிவிட்டு, வழியில் யாரும் கை நனைக்கக் கூடாது என்று எதிர்பார்ப்பது வடிவமைப்பிலேயே உள்ள பிழை என்பது என் கருத்து. மோட்டார்களைப் பறிமுதல் செய்யக் காவலர்களை ரோந்து அனுப்புவது ஒவ்வொரு முறை நீர் திறக்கும்போதும் நடக்கிறது. ரோந்து போன மறுநாள் எஞ்சின் மறுபடி இறங்குகிறது.

மீதி இழப்பை மண்ணும் வெயிலும் எடுத்துக்கொள்கின்றன. கால்வாய் காய்ந்து கிடந்த மாதங்களில் கரையும் தரையும் வெடித்திருக்கும். திறந்த முதல் நீர் அந்த வெடிப்புகளை நிரப்பி, மண்ணை ஊறவைத்து, பள்ளங்களில் தேங்கிய பிறகே முன்னே நகரும். ஆகவே கொஞ்சம் கொஞ்சமாக அடிக்கடி திறப்பதைவிட, மொத்தமாகத் தொடர்ந்து திறப்பதே சிக்கனம். முதல் சில ஆண்டுகளில் கண்டலேறு - பூண்டி கால்வாயின் கரைகள் பல இடங்களில் சரிந்து, நீரில் பெரும்பங்கு வழியிலேயே போய்க்கொண்டிருந்தது. 2002-இல் புட்டபர்த்தி சத்ய சாய்பாபா கால்வாயைச் சீரமைத்துத் தருவதாக அறிவித்து, அவருடைய அறக்கட்டளையின் செலவில் கரைகள் பலப்படுத்தப்பட்டு, கான்கிரீட் பூச்சும் போடப்பட்டது. 2004-இல் வேலை முடிந்த பிறகு நீர் வந்து சேரும் காலமும் இழப்பும் தெளிவாகக் குறைந்தன. இரண்டு அரசுகள் சேர்ந்து வெட்டிய கால்வாயை ஓர் ஆன்மிக அறக்கட்டளை வந்து செப்பனிட வேண்டியிருந்தது என்பதை நன்றியோடு சொல்பவர்களும் உண்டு, வெட்கத்தோடு சொல்பவர்களும் உண்டு. பூச்சு போட்டால் வேலை முடிந்துவிடாது என்பதும் உண்மை. கான்கிரீட் பலகைகளின் இடைவெளியில் செடி முளைக்கும், அடிமண் அரித்தால் பலகை சரியும், சில ஆண்டுகளில் மறுபடி செலவு வரும்.

இந்தத் தொல்லைகளையெல்லாம் பார்த்தவர்கள் இயல்பாகவே குழாயை நோக்கித் திரும்புகிறார்கள். குழாயில் ஆவியாதல் இல்லை, கசிவு குறைவு, ஆயில் எஞ்சினை இறக்க வழியில்லை. சென்னைக்கு அப்படி வந்தது வீராணம். பராந்தக சோழன் காலத்து அந்த ஏரியிலிருந்து நீரைக் கொண்டுவரும் முயற்சி 1960-களின் இறுதியிலேயே தொடங்கிக் கைவிடப்பட்டது. அதற்காகச் செய்த பெரிய கான்கிரீட் குழாய்கள் சாலையோரங்களில் ஆண்டுக்கணக்கில் கிடந்ததும், வீடற்ற குடும்பங்கள் அவற்றுக்குள் குடியிருந்ததும் அந்தத் தலைமுறைக்கு மறக்காத காட்சி. புதிய வீராணம் திட்டம் 2004-இல் நிறைவேறியது. ஏரிநீரை வடக்குத்து நிலையத்தில் சுத்திகரித்து, கடம்புலியூர் வரை பம்ப் செய்து, அங்குள்ள உயரத் தொட்டியிலிருந்து ஏறத்தாழ 200 கிலோமீட்டர் தூரம் சரிவிலேயே போரூருக்கு அனுப்புகிறார்கள். மேட்டில் ஒருமுறை ஏற்றிவிட்டு மீதித் தூரத்தைப் புவியீர்ப்பிடம் ஒப்படைத்த நல்ல வடிவமைப்பு அது.

ஆனால் குழாயின் திட்டமிட்ட அளவு நாளொன்றுக்கு 18 கோடி லிட்டர். அதைக் கால்வாய்க் கணக்குக்கு மாற்றிப் பார்த்தால் நொடிக்கு 74 கன அடிக்கும் குறைவு. ஓராயிரம் கன அடி ஓடும் நாளில் கிருஷ்ணா கால்வாய் கொண்டுவருவதில் பதின்மூன்றில் ஒரு பங்குகூட இல்லை. ஆள் குனிந்து நடக்கக்கூடிய அளவுக்கு அகலமான குழாய், 200 கிலோமீட்டர் தூரம், 700 கோடி ரூபாய்க்கு மேல் செலவு. கிடைப்பது ஒரு பாசன வாய்க்காலின் ஓட்டம். பாசனத்துக்கான நீரைக் குழாயில் கொண்டுபோவது பற்றி மேடைகளில் பேசுவோர் இந்தக் கணக்கைப் போட்டுப் பார்ப்பதில்லை என்று நினைக்கிறேன். குடிநீருக்குக் குழாய் பொருந்துவதற்குக் காரணமே, மனிதன் குடிக்கும் நீர் பயிர் குடிக்கும் நீரோடு ஒப்பிட்டால் மிகச் சிறிது என்பதுதான். குழாய் எவ்வளவு இறுக்கமாக இருந்தாலும் தலைப்பில் நீர் இருந்தாக வேண்டும் என்ற விதியும் மாறவில்லை. வீராணத்துக்கு நீர் மேட்டூரிலிருந்து கொள்ளிடம், கீழணை, வடவாறு வழியாக வருகிறது. காவிரி பொய்த்தால் வீராணமும் பொய்க்கும். ஏரியை நம்பிய பாசன விவசாயிகள் அதே நீருக்காகக் கரையில் நிற்பார்கள்.

குழாய் உண்மையில் தன் வேலையைக் காட்டும் இடம் மேட்டு நிலம். தருமபுரி, கிருஷ்ணகிரி மாவட்டங்களில் காவிரி ஓடியும் தண்ணீர்ப் பஞ்சம் தீராததற்குக் காரணம், ஆறு பள்ளத்திலும் ஊர் மேட்டிலும் இருப்பதே. அங்கே கால்வாய் வெட்ட முடியாது. இன்னொரு சிக்கலும் இருந்தது. கருங்கல் பாறை நிலத்தில் ஆழ்துளைக் கிணறுகள் ஆழம் போகப்போக, பாறையிலுள்ள கனிமங்களோடு நெடுங்காலம் ஊறிய நீர் மேலே வந்தது. அதில் ஃபுளோரைடு கலந்திருந்தது. லிட்டருக்கு 1.5 மில்லிகிராம் என்பது அனுமதிக்கப்பட்ட உச்ச அளவு. பல ஊர்களில் அது அந்த வரம்பைப் பல மடங்கு தாண்டியிருந்தது. பல்லில் முதலில் வெள்ளைத் திட்டும், பிறகு பழுப்புக் கோடும் விழும். நீண்ட காலம் குடித்தால் மூட்டுகள் இறுகி, முதுகு வளைந்து, கால் எலும்பு கோணும். காய்ச்சினால் ஃபுளோரைடு போகாது; நீர் சுண்டச் சுண்ட அதன் செறிவு கூடத்தான் செய்யும். தண்ணீர் கிணற்றில் இருந்தும் குடிக்கத் தகாததாக இருந்த நிலையில், ஆற்றுநீரை மேலேற்றுவதைத் தவிர வேறு வழி குறைவு.

ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டத்தின் முழுப்பெயரிலேயே ஃபுளோரைடு பாதிப்புத் தணிப்பு என்பது இருக்கிறது. 1998-இல் மத்திய அரசின் முன்னிலையில் கர்நாடகத்தின் ஒப்புதல் கிடைத்தது; 2008-இல் ஜப்பான் கடனுதவியோடு அடிக்கல் நாட்டியபோது கர்நாடகத்தில் போராட்டங்கள் வெடித்தன; 1,928 கோடி ரூபாய் மதிப்பீட்டில் முடிந்து 2013-இல் தொடங்கி வைக்கப்பட்டது. நாளொன்றுக்கு 16 கோடி லிட்டர் எடுக்கும் திட்டம் அது. ஆண்டு முழுதும் முழு அளவில் எடுத்தாலும் இரண்டு டி.எம்.சி. அளவுதான். 2018-இல் உச்ச நீதிமன்றம் தமிழ்நாட்டுக்கு உறுதிசெய்த காவிரிப் பங்கு 404.25 டி.எம்.சி. அதில் இது இருநூற்றில் ஒரு பங்கு. அதற்குத்தான் அத்தனை கொந்தளிப்பு.

தண்ணீரை விட, அதை ஏற்றுவதற்கான விலைதான் இந்தத் திட்டத்தில் பெரிய விஷயம். மேட்டூர் அணையின் முழு நீர்மட்டம் கடல் மட்டத்திலிருந்து 790 அடி, அதாவது 240 மீட்டர். அதன் நீர்ப்பரப்பின் மேல்முனையை ஒட்டியிருக்கிறது ஒகேனக்கல். ஓசூரோ ஏறத்தாழ 880 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. நடுவே அறுநூறு மீட்டர் ஏற்றம். ஆயிரம் லிட்டர் நீரை அறுநூறு மீட்டர் உயர்த்த, இயற்கை விதிப்படியே 1.6 யூனிட் மின்சாரம் வேண்டும். பம்ப்பு, மோட்டார் ஆகியவற்றின் இழப்பையும் குழாய்ச் சுவரின் உராய்வையும் சேர்த்தால் 2 யூனிட்டைத் தாண்டும். நால்வர் கொண்ட குடும்பத்துக்கு, ஜல் ஜீவன் திட்டம் வகுத்த தலைக்கு 55 லிட்டர் வீதம், ஆண்டுக்கு 80 ஆயிரம் லிட்டர் ஆகிறது. ஓசூர் உயரத்தில் வாழும் அந்தக் குடும்பத்தின் குழாயில் ஓராண்டு நீர் வருவதற்கு மட்டும் 160 யூனிட்டுக்கு மேல் மின்சாரம் எரிகிறது. குடிநீர்க் கட்டணம் என்று ஊராட்சி வசூலிக்கும் சிறு தொகை அந்த மின்சாரத்தின் விலைக்கே போதாது. மேற்கு ஆஸ்திரேலியாவின் தங்கவயல் நகரமான கல்கூர்லிக்கு 1903-இல் 530 கிலோமீட்டர் குழாய் போட்டு, எட்டு நீராவிப் பம்ப் நிலையங்களால் தண்ணீர் ஏற்றினார்கள். தங்கம் அதற்கான விலையைக் கொடுத்தது. கேழ்வரகும் மாங்காயும் விளையும் தருமபுரிச் சிற்றூரால் அந்த விலையைக் கொடுக்க முடியாது. அரசுதான் கொடுக்க வேண்டும், ஒவ்வொரு மாதமும், திட்டம் இருக்கும் காலம் முழுவதும். அடிக்கல் நாட்டும்போது பேசப்படும் தொகை கட்டுமானச் செலவு மட்டும்தான்.

ஏற்றும் குழாய் கால்வாயைப் போல் அமைதியாகவும் இராது. மின்சாரம் திடீரென்று நின்றால், ஓடிக்கொண்டிருந்த நூற்றுக்கணக்கான டன் நீர் நிற்கவும் முடியாமல் திரும்பவும் முடியாமல் குழாயை உள்ளிருந்து அறையும்; பலவீனமான இணைப்பு அந்த அறையில்தான் வாய் பிளக்கும். குழாய் மேடேறும் இடங்களில் காற்று சேர்ந்து ஓட்டத்தை மறிக்காதபடி ஏர் வால்வு பொருத்துகிறார்கள். தமிழ்நாட்டு நெடுஞ்சாலைகளில் போகும் எவரும் இதைப் பார்த்திருப்பார்கள்: சாலையோரம் இடுப்பளவு உயரத்தில் ஒரு சிமெண்ட் தொட்டி, அதற்குள் துருவேறிய இரும்புக் குமிழ், அதிலிருந்து விசிறி போல் பீய்ச்சும் தண்ணீர், கீழே தேங்கிய குட்டையில் ஆடுகள், வரிசையாக வைத்த பிளாஸ்டிக் குடங்கள். அந்த வால்வு தானாகப் பழுதானதா, கல்லை வைத்துப் பழுதாக்கப்பட்டதா என்பது ஊருக்குத் தெரியும். கால்வாயில் ஆயில் எஞ்சின் செய்வதைக் குழாயில் ஏர் வால்வு செய்கிறது. குழாய் போகும் வழியில் இருந்தும் திட்டத்தில் இடம்பெறாத ஒரு குடியிருப்பு, தனக்கான இணைப்பைத் தானே கொடுத்துக்கொள்ளும் முறை அது.

தலைமை நிலையத்தில் பம்ப் செய்யும் அளவும் ஊர்த் தொட்டியில் விழும் அளவும் வேறுபடுவது இப்படித்தான் தொடங்குகிறது. மேலும் ஒரு பொறுப்புப் பிளவு இருக்கிறது. பெருங்குழாய்களைத் தமிழ்நாடு குடிநீர் வடிகால் வாரியம் பராமரிக்கிறது. மேல்நிலைத் தொட்டியிலிருந்து தெருக்குழாய் வரை ஊராட்சியின் பொறுப்பு. தொட்டி வரை கொடுத்துவிட்டோம் என்று வாரியம் சொல்லும். தொட்டிக்கே வரவில்லை என்று ஊராட்சி சொல்லும். தொட்டியின் நுழைவாயில் மீட்டர் ஓடிக்கொண்டிருந்தால் இந்த வாதம் ஒரு நிமிடத்தில் தீரும். அந்த மீட்டரைப் பொருத்துவதும், பொருத்தியதை ஓடும் நிலையில் வைத்திருப்பதும், பெரிய அணைகளைப் போல் கண்ணில் படும் வேலைகள் அல்ல. இதற்கிடையே டேங்க் ஆபரேட்டர் தன் வழியில் பிரச்சினையைச் சமாளிக்கிறார். ஆற்றுநீர் அரைத்தொட்டிக்குத்தான் வந்தது என்றால் மீதி அரைத்தொட்டியை ஊர் போர்வெல் மோட்டாரைப் போட்டு நிரப்பிவிடுகிறார். ஊர்க்காரர்கள் அவரைப் பாராட்டுவார்கள். ஆனால் ஃபுளோரைடு ஊர்களில் இந்தக் கலப்பு திட்டத்தின் நோக்கத்தையே பாதி கரைத்துவிடுகிறது. 4 மில்லிகிராம் உள்ள போர்வெல் நீரும் ஃபுளோரைடு மிகக் குறைந்த காவிரி நீரும் சரிபாதி கலந்தால் கிடைப்பது 2 மில்லிகிராமை ஒட்டிய நீர். வரம்புக்கு அது இன்னும் மேலேதான். குடிப்பதற்கு ஒரு குழாய், புழங்குவதற்கு இன்னொரு குழாய் என்று தொட்டியையே பிரித்திருந்தால் இது நேராது.

குழாயின் கடைசி முனை எப்படியிருக்கும் என்பதற்கு இராமநாதபுரம் மாவட்டத்தைவிட வேறு இடம் வேண்டாம். கடலோர மண்ணின் உவர்ப்பால் கடலாடி, முதுகுளத்தூர்ப் பக்கங்களில் பல ஊர்களில் நிலத்தடி நீர் வாயில் வைக்க முடியாதது. திருச்சி அருகே காவிரிப் படுகையில் நீர் சேகரிப்புக் கிணறுகள் அமைத்து, இராமநாதபுரம், சிவகங்கை, புதுக்கோட்டை மாவட்டங்களுக்கு 616 கோடி ரூபாய் மதிப்பில் ஒரு கூட்டுக் குடிநீர்த் திட்டம் போடப்பட்டது. ஆற்றுமணலே வடிகட்டியாக வேலை செய்வதால் அந்தக் கிணறுகளில் கிடைப்பது தெளிந்த நீர். மணல் அள்ளி ஆற்றின் தரை இறங்கினால் கிணற்றின் ஊற்றும் இறங்கும் என்பது திருச்சிப் பக்கத்தில் நடப்பது, அதன் விளைவு இருநூறு கிலோமீட்டர் தள்ளிக் கடலாடியில் தெரியும். நீளமான குழாயில் முதல் ஊர்கள் தம் தொட்டியை நிரப்பிக்கொள்ள, அழுத்தம் குறைந்து குறைந்து, கடைசி ஊருக்கு வாரத்தில் ஒருநாளோ இருநாளோ மெல்லியதாக ஒழுகும். நான்கு சக்கரம் வைத்த தள்ளுவண்டியில் எட்டுப் பத்துக் குடங்களை அடுக்கிக்கொண்டு பெண்கள் சாலையில் போவதை அந்த மாவட்டத்தில் எந்தக் கோடையிலும் பார்க்கலாம். அந்த வண்டியை அங்கே உள்ளூர்ப் பட்டறைகளில் குடத்தின் அளவுக்கு ஓட்டை வைத்தே செய்து தருகிறார்கள்.

அதே மாவட்டத்தில் ஊருக்கு ஊர் ஊருணி உண்டு. கண்மாய் பாசனத்துக்கு, ஊருணி குடிப்பதற்கு என்று நீரைப் பிரித்து வைத்த பழைய ஏற்பாடு அது. மாடு குளிப்பாட்டக் கூடாது, செருப்போடு படியில் இறங்கக் கூடாது என்று கட்டுப்பாடுகளும் இருந்தன. மழைநீர் மட்டுமே சேர்வதால் சுற்றிலும் நிலத்தடி நீர் உவர்த்திருந்தாலும் ஊருணி நீர் இனிக்கும். குழாய் வந்த பிறகு பல ஊர்களில் ஊருணியின் வரத்துக்கால் தூர்ந்தது; கட்டுப்பாட்டைக் காக்கும் ஆளும் இல்லாமல் போனார். ஊருணிக்குத் திரும்பிவிட்டால் போதும் என்று சொல்ல நான் வரவில்லை; இன்றைய மக்கள்தொகைக்கும், இரண்டு பருவம் தொடர்ந்து பொய்த்த ஆண்டுக்கும் அது தாங்காது. ஆனால் திருச்சியில் மோட்டார் பழுதான வாரத்தில், அல்லது வழியில் குழாய் வெடித்த நாட்களில், கையிருப்பு நீராக நிற்க அதனால் முடியும். குழாய்த் திட்டத்தின் மதிப்பீட்டில், ஒரு கிலோமீட்டர் பெருங்குழாய்க்கு ஆகும் செலவில், தடத்தில் உள்ள எத்தனை ஊருணிகளின் வரத்துக்காலைத் தோண்டிவிடலாம் என்ற கணக்கு சேர்க்கப்படுவதில்லை. குழாய்க்கு ஒரு துறை, ஊருணிக்கு வேறொரு துறை என்பது அதற்குச் சொல்லப்படும் காரணம்.

2019 கோடையில் சென்னைக்கு ரயிலில் வந்த தண்ணீர் எங்கிருந்து எடுக்கப்பட்டது என்பதையும் இங்கே சொல்ல வேண்டும். ஜோலார்பேட்டை அருகே மேட்டுச்சக்கரகுப்பத்தில் உள்ள தரைமட்டத் தொட்டியிலிருந்து அந்த நீர் ரயிலில் ஏற்றப்பட்டது. வேலூர் மாவட்டத்துக்கான காவிரிக் கூட்டுக் குடிநீர்த் திட்டத்தின் நீர் அது. காவிரியிலிருந்து மேட்டூர் வழியாகப் பம்ப் செய்து ஒரு வறண்ட மாவட்டத்துக்குக் கொண்டுவந்ததை, இன்னொரு முறை ஏற்றி, இன்னொரு நகரத்துக்குக் கொண்டுபோனார்கள். எங்கள் ஊருக்கே போதவில்லை என்று அப்போது உள்ளூரில் எதிர்ப்பு எழுந்தது. ஒரு நடைக்கு 25 லட்சம் லிட்டர் என்பது, நொடிக்கு ஒரே ஒரு கன அடி நீர் ஒருநாள் முழுதும் ஓடினால் கிடைக்கும் அளவு. ஜீரோ பாயின்டில் கால்வாயின் அளவுகோல் அந்த மாதம் காட்டாத எண் அது.